சென்னையில் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு சம்பாதிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ஸில் சேரப்போகிற பெண்கள், அவர்களைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அம்மாக்கள், ஆபீஸ் வேலை அலுத்துப்போய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் முக்கியமாகச் செய்வது கல்யாண மேக்கப். அதற்கு முன்னால் சீரியல் செட்டில் அசிஸ்டன்ட்டாக இருந்தேன். கீழே சொல்லும் தொகைகள் எல்லாம் சென்னையில் இப்போது புழங்கும் சுமார் விலைகள். ஏரியாவையும் ஆளையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மாதம் எவ்வளவு வரும்?

பார்லரில் புதிதாகச் சேர்ந்தால் 10,000 முதல் 14,000. நன்றாகக் கை படிந்து, சொந்தமாக புக்கிங் பிடிக்கிறவருக்கு வருடச் சராசரியாக மாதம் 25,000 முதல் 50,000 வரை கையில் நிற்கும். லட்சத்தைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாராவது "நான் ஒரு பிரைடலுக்கு 25,000 வாங்குகிறேன்" என்றால், போன மாதம் எத்தனை பிரைடல் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதற்கும் அடுத்தது, செலவு போக என்ன நின்றது என்பது. இந்தத் தொழிலில் ரேட்டை எல்லோரும் சத்தமாகச் சொல்வார்கள். மற்ற இரண்டுக்கும் பதில் வாங்குவது கொஞ்சம் கஷ்டம்.

கல்யாண மேக்கப்புக்கு இப்போது என்ன ரேட்?

புதிதாக இறங்கியவர்கள் ஒரு வேளைக்கு 5,000 முதல் 8,000 வரை வாங்குகிறார்கள். நாலைந்து வருட அனுபவமும், காட்டுவதற்கு நல்ல படங்களும் இருந்தால் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் இரண்டும் சேர்த்து 18,000 முதல் 35,000 வரை. பெயர் வாங்கியவர்கள் ஒரு வேளைக்கே 40,000, 50,000 கேட்கிறார்கள், அதற்கு மேலும் உண்டு. ஆவடியில் 12,000க்கே பேரம் பேசப்படுகிற அதே வேலை, அடையாறிலோ நுங்கம்பாக்கத்திலோ 30,000க்குப் பேச்சில்லாமல் முடியும். கை ஒன்றுதான், மண்டபம் வேறு.

இந்தப் பேக்கேஜில் பொதுவாக முகம், தலை அலங்காரம், சேலை கட்டுவது, நகை போட்டுவிடுவது எல்லாம் அடக்கம். ஜடை பில்லை, வைத்துப் பின்னும் முடி, பூ ஜடை இவற்றைச் சிலர் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் தனியாகக் கேட்பார்கள். முதலிலேயே எழுதி அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில் நின்றுகொண்டு பூவுக்கு யார் காசு கொடுப்பது என்று பேச வேண்டி வரும்.

25,000 வாங்கினால் கையில் எவ்வளவு நிற்கும்?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இரண்டு வேளைக்கும் கூட வரும் அசிஸ்டன்ட்டுக்கு 3,000. தலை அலங்காரத்துக்குத் தனியாக ஆள் வைத்தால் 5,000. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வர கேப் 2,000. ஃபவுண்டேஷன், லேஷஸ், ஸ்ப்ரே, பின், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிரஷ் என்று பொருட்செலவு 2,000. மூன்று புடவையை முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் செய்து தர, அதாவது ப்ரீ-ப்ளீட்டிங்குக்கு, 1,500. மொத்தம் 13,500 போய்விட்டது, மிச்சம் 11,500. தலையும் புடவையும் நீங்களே பார்த்துக்கொண்டால் 18,000 நிற்கும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம், மேக்கப் படிக்கும்போதே ஹேரையும் சேலை மடிப்பையும் விடாமல் படியுங்கள் என்று சொல்கிறேன். கற்றுக்கொடுக்கும் இடங்கள் முகத்துக்குக் கொடுக்கிற நேரத்தில் கால்வாசிகூடப் புடவைக்குக் கொடுப்பதில்லை. கல்யாண வீட்டிலோ பாட்டி முதலில் பார்ப்பது கொசுவம் நேராக இருக்கிறதா என்பதைத்தான்.

அப்புறம் நேரம். முகூர்த்தம் 6 முதல் 7.30 என்றால் பெண்ணை 3 மணிக்கு உட்கார வைக்க வேண்டும். மெட்ரோ ஓடத் தொடங்குவதே 5 மணிக்குத்தான், ஆகவே ஒன்று நள்ளிரவுக்கு மேல் கேப், இல்லையென்றால் வரவேற்பு முடிந்து மண்டபத்திலேயே ஒரு மூலையில் கண் அயர்வது. அலங்காரம் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. கூரைப்புடவை மாற்றுகிற வீடுகளில்தான் உண்மையான பரீட்சை. மேடையிலிருந்து பெண்ணை அறைக்கு அழைத்து வருவார்கள். பத்து, பதினைந்து நிமிடம் இருக்கும். ஒட்டியாணத்தைக் கழற்றி, முதல் புடவையின் பின்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்பூ கசங்காமல், மாலை கட்டிய கழுத்தில் பவுடர் திட்டு தெரியாமல் புதுப்புடவையைக் கட்டி முடிக்க வேண்டும். மடிசார் என்றால் இன்னும் நேரம் பிடிக்கும். ஹோமப் புகையில் கண் கலங்கி, கீழ் இமையில் மை இறங்கியிருக்கும், அதையும் சரிசெய்ய வேண்டும். அறைக்கு வெளியே யாராவது ஒரு மாமா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். இதுவரைக்கும் இருந்து முடித்துக் கொடுக்க 2,000, 3,000 கூடக் கேட்பது நியாயம். தயங்காமல் கேளுங்கள்.

லாபம் எங்கே இருக்கிறது?

பெண்ணின் அம்மா, அக்கா, நாத்தனார், தோழிகள் ஆகியோரிடம். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. போக்குவரத்து, பெட்டி, அசிஸ்டன்ட் எல்லாவற்றுக்கும் பெண்ணின் பேக்கேஜிலேயே செலவு செய்தாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு முகத்துக்கு 2,500 முதல் 4,000 என்று நாலு பேருக்குச் செய்தால் அதில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆனால் இதை முன்பதிவிலேயே பேச வேண்டும். அன்று காலையில் வந்து "எனக்கும் லேசா ஒரு டச்சப் போட்டு விடும்மா" என்று உட்காரும் சித்திக்குக் காசு கேட்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நான் இப்போதெல்லாம் பேக்கேஜ் அனுப்பும்போதே குடும்பத்தாருக்கான விலையையும் தனி வரியில் போட்டுவிடுகிறேன். சித்திகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது.

வருடத்துக்கு எத்தனை கல்யாணம் கிடைக்கும்?

இதைத் தீர்மானிப்பது உங்கள் திறமையைவிட பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, புரட்டாசியைப் பல வீடுகள் தவிர்க்கின்றன. மீதி மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்த முகூர்த்தம் என்று எல்லோரும் ஒரே தேதியைப் பிடிப்பார்கள். தையில் ஒரே நாளுக்கு நாலு வீட்டிலிருந்து கேட்பார்கள், நீங்கள் ஒரு மண்டபத்தில்தான் இருக்க முடியும். முதல் நாள் மாலை, மறுநாள் காலை என்று ஒரு கல்யாணம் இரண்டு தேதியைச் சாப்பிட்டுவிடும் என்பதால், அடுத்தடுத்த நாள் முகூர்த்தமும் கைநழுவும்.

முதல் வருடத்தில் பத்து, பன்னிரண்டு மணப்பெண்கள் கிடைத்தாலே பெரிய விஷயம். நாலாவது வருடத்தில் 35 கல்யாணம், சராசரி 20,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,00,000. பாதி செலவு என்றால் 3,50,000 மிச்சம். மாதத்துக்கு வகுத்தால் 29,000 சொச்சம். நன்றாக ஓடுகிற ஒரு ஆர்ட்டிஸ்ட்டின் கணக்கு இது, கல்யாணத்தை மட்டும் நம்பியிருந்தால்.

தேதியை அதிகமாக்க ஒரு வழி, எல்லா வீட்டு அலங்காரத்தையும் கற்றுக்கொள்வது. கிறிஸ்தவக் கல்யாணங்கள் தவக்காலத்தைத் தவிர்க்கும், முஸ்லிம் கல்யாணங்கள் ரம்ஜான் நோன்பு மாதத்தைத் தவிர்க்கும். ஆடி, மார்கழிக் கணக்கு இவர்களுக்குக் கிடையாது. சௌகார்பேட்டை, கீழ்ப்பாக்கம் பக்கம் மார்வாடி, குஜராத்தி வீடுகளில் மெஹந்தி, சங்கீத் என்று ஒரே கல்யாணத்தில் மூன்று நான்கு வேளை வேலை இருக்கும். கவுனும் தலைத்திரையும் துப்பட்டாவும் பொருத்தத் தெரிந்தவருக்குக் காலி நாள் குறைவு.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

நாட்டியம். இது சென்னைக்கே உள்ள வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள். மார்கழியில் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும்போது சபாக்கள் நிரம்பி வழியும், ஜனவரி வரைக்கும் நாட்டிய நிகழ்ச்சிகள் தொடரும். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்து அரங்கேற்றம் செய்வது பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைக்குள். அது நேராக ஆடியில் வந்து விழுகிறது.

தனி நாட்டியத்துக்கு ஒரு வேளைக்கு 2,500 முதல் 6,000 வரை கிடைக்கும். அரங்கேற்றத்துக்கு நடுவில் உடை மாற்றமும் இருப்பதால் கூட வரும். ஆனால் கல்யாண மேக்கப் தெரிந்தால் இது வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மேடை விளக்கில் பத்தாவது வரிசைக்குக் கண் தெரிய வேண்டும், இரண்டு மணி நேரம் ஆடி வியர்த்தாலும் வழியக் கூடாது. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி என்கிற தலை நகைகள் எல்லாம் ஜதியின் வேகத்தில் அசையாமல் நிற்கும்படி கட்டத் தெரிய வேண்டும். குச்சியில் துணியைச் சுற்றி, கை கால்களில் அல்தா என்கிற சிவப்புச் சாயம் வைப்பதற்கும் கைப்பழக்கம் வேண்டும். ஒரு பாட்டு டீச்சரின், நாட்டிய டீச்சரின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டால் வருடா வருடம் அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் உங்களிடம்தான்.

ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டுவிழா வரும். ஒரு குழந்தைக்கு 100, 150 ரூபாய்தான், ஆனால் ஒரே காலையில் அறுபது குழந்தைகள். இரண்டு அசிஸ்டன்ட் வைத்துச் செய்தால் நஷ்டமில்லை. இடுப்பு வலிக்கு நான் பொறுப்பில்லை.

சினிமாவில்தான் பெரிய காசு என்கிறார்களே?

பெரிய காசு இருக்கிறது, மேலே. ஏணி நீளம்.

டச்சப் போடும் ஆளாகத் தொடங்கி அசிஸ்டன்ட், அப்புறம் படத்தின் மேக்கப் சீஃப், அல்லது ஒரு நடிகருக்கோ நடிகைக்கோ பர்சனல் ஆர்ட்டிஸ்ட் என்று போகும். அசிஸ்டன்ட்டுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம், அதோடு தினப்படி பேட்டா. தயாரிப்பாளர்களுக்கும், சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சிக்கும் இடையில் பேசி முடிக்கிற ஊதிய ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. அவுட்டோர் என்றால் தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு. பெரிய நட்சத்திரங்களின் பர்சனல் ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு நாள் சம்பளமே ஐந்து இலக்கத்தில் போகும், அதைக் கொடுப்பதும் தயாரிப்பாளர்தான். நட்சத்திரத்துக்குப் படம் இல்லையென்றால் அவருக்கும் வேலை இல்லை.

செட்டுக்குள் போக ஃபெப்சியோடு இணைந்த மேக்கப் சங்கத்தின் உறுப்பினர் கார்டு வேண்டும். அதை வாங்கப் பணமும் கட்ட வேண்டும், சிபாரிசும் அனுபவமும் காட்ட வேண்டும். கார்டு வாங்கிய பிறகும் கூப்பிட ஆள் வேண்டும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் குடியிருப்பதே பாதி வேலைவாய்ப்பு என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. விடியற்காலையில் திடீரென்று ஒருவர் வரவில்லை என்றால், பூவிருந்தவல்லியில் இருக்கும் செட்டுக்கு ஒரு மணி நேரத்தில் போய் நிற்கக்கூடியவரைத்தான் கூப்பிடுவார்கள்.

காசு எப்போது வரும் என்பது தனிக் கதை. பெரிய கம்பெனிகளில் ஒழுங்காக வரும். சின்னப் படங்களில் கடைசித் தவணை ரிலீஸ் வரை இழுக்கும், சில படங்கள் ரிலீஸே ஆகாது. 2018 மார்ச், ஏப்ரலில் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 2020ல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோதும், தினக்கூலி அசிஸ்டன்ட்டுகள் பட்ட பாடு தெரிந்தவர்கள், கல்யாண வேலையைக் கைவிடாமல் சினிமா செய்கிறார்கள். அரசின் திரைப்படத் துறையினர் நல வாரியத்தில் பதிவு செய்து வைப்பதும் நல்லது.

பெண்களுக்கு சினிமாவில் மேக்கப் கார்டு தரமாட்டார்களாமே?

முன்பு அப்படித்தான் இருந்தது. மேக்கப் ஆண்களுக்கு, ஹேர் டிரெஸ்ஸிங் பெண்களுக்கு என்று பல பத்தாண்டுகள் பிரித்து வைத்திருந்தார்கள். மும்பைச் சங்கத்தின் அந்த விதியை எதிர்த்து மேக்கப் ஆர்ட்டிஸ்ட் சாரு குரானா தொடுத்த வழக்கில், 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. பெண் என்பதற்காக இப்போது யாரும் கார்டை மறுக்க முடியாது. நடைமுறையில் ஹீரோயின் கேரவனில் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். மொத்தப் படத்துக்கும் சீஃப் என்ற இடத்தில் இன்னும் ஆண்களே அதிகம்.

சீரியலும் செய்தி சேனலும் எப்படி?

நிலையான வருமானம் வேண்டும் என்றால் சினிமாவைவிட இவை மேல். சீரியலில் காலை 9 முதல் இரவு 9 வரை கால்ஷீட். நல்ல சீரியல் மாட்டினால் மாதம் 15 முதல் 20 நாள் வேலை, நாளுக்கு 1,000 முதல் 2,000, அனுபவத்தைப் பொறுத்துக் கூடும். கலைத் திருப்தியை எதிர்பார்க்காதீர்கள். மாமியார் கதாபாத்திரம் தூங்கி எழுந்து வந்தாலும் லிப்ஸ்டிக் போட்டுத்தான் ஆக வேண்டும். கண்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்வது, என்கிற ஒழுக்கத்தை மட்டும் அங்கே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். பொட்டு ஒரு நூல் தள்ளிப் போனாலும் எடிட்டர் பிடித்துவிடுவார்.

செய்தி சேனலில் மாதச் சம்பளம், சுமார் 18,000 முதல் 30,000. ஷிஃப்ட் வேலை. காலைச் செய்திக்கு 4 மணிக்கே போக வேண்டியிருக்கும். ஒரு முகத்துக்குக் கால் மணி நேரம்தான்.

பார்லர் வேலை லாயக்கில்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மூத்த ஆர்ட்டிஸ்ட் ஆனால் 25,000 முதல் 40,000, அதோடு கமிஷனும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், சம்பளம் 21,000க்குள் இருந்தால், இஎஸ்ஐ பிடித்தம் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனியாகத் தொழில் செய்கிற எனக்குக் கிடைக்காத வசதி அது. ஒன்று மட்டும் பாருங்கள். "வெளியில் தனியாக ஆர்டர் எடுக்கக் கூடாது" என்று கையெழுத்து வாங்குகிறார்களா என்று சேரும்போதே படித்துப் பார்த்துவிடுங்கள்.

மால்களில் பிராண்ட் கவுண்டரில் நிற்கிறார்களே, அது?

மாதம் 15,000 முதல் 25,000, விற்பனை இலக்கைத் தொட்டால் ஊக்கத்தொகை. வேளச்சேரி, அண்ணா நகர், ராயப்பேட்டை மால்களில் இந்த வேலை கிடைக்கும். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆனால் கம்பெனியே பயிற்சி கொடுக்கும், பொருள் தள்ளுபடியில் கிடைக்கும், ஒரு நாளில் இருபது விதமான தோல் நிறத்தைப் பார்க்கலாம். நம் ஊர் நிறங்களுக்குச் சரியான ஷேட் பிடிக்கிற கண் அங்கே வளரும். ஒரு வருடம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பல பேர் நன்றாக வருகிறார்கள்.

கோர்ஸுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? போட்ட காசு எப்போது திரும்பும்?

சென்னையில் 30,000லிருந்து இரண்டரை லட்சம் வரை கோர்ஸ் இருக்கிறது. நான் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்கிற கட்சி. இதுவரை எந்த மணப்பெண்ணும் என்னிடம் சர்டிஃபிகேட் கேட்டதில்லை, எல்லோரும் போட்டோதான் கேட்டார்கள். அதையும் ஃபில்டர் இல்லாமல் கேட்கிறார்கள் இப்போது.

செலவில்லாத வழிகளும் உண்டு. ஐடிஐயில் காஸ்மெடாலஜி என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் மூலம் அழகுக்கலையில் இலவசக் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. இவற்றில் அடிப்படை வந்துவிடும். அதன் பிறகு நல்ல ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் ஆறு மாதம் அசிஸ்டன்ட்டாகப் போங்கள். நாளுக்கு 500 முதல் 1,500 வரை கிடைக்கும், கல்யாண அறையில் எப்படி நடந்துகொள்வது என்பதும் கூடவே வரும். பணம் கட்டிப் படிப்பதென்றால், மாணவிகள் கையால் செய்த மேக்கப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். டீச்சர் செய்த படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று போர்டில் பார்த்தால், போன பேட்சில் வேலைக்குப் போன இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

50,000 கட்டிப் படித்து, 40,000க்குக் கிட் வாங்கினால், போட்டதை எடுக்க ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் வாங்க எவ்வளவு வேண்டும்?

நல்லதாக, சின்னதாகத் தொடங்க 30,000 முதல் 50,000. மேக்கப்பைக் காற்றோடு தெளிக்கிற ஏர்பிரஷ் மெஷினை முதல் நாளே வாங்காதீர்கள். க்ரையோலான் பிராண்ட் ஃபவுண்டேஷன் ஸ்டிக், நல்ல செட்டிங் பவுடர், தரமான பிரஷ்கள் இருந்தால் சென்னை வியர்வையைச் சமாளிக்கலாம். பாரிமுனையில் காசிச்செட்டி தெரு, பந்தர் தெரு பக்கம் பின், ஸ்பாஞ்ச், டிஸ்போஸபிள், கவரிங் நகை எல்லாம் மொத்த விலைக்கு வாங்கலாம். பெரிய பிராண்ட் பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிற ஃபவுண்டேஷனை மட்டும் அங்கே தொடாதீர்கள். மணப்பெண் முகத்தில் தடிப்பு வந்தால் அந்த வட்டாரத்தில் அதோடு உங்கள் தொழில் முடிந்தது.

காசு போதவில்லை என்றால் வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். 50,000 வரை சிசு என்ற பிரிவு, பிணை கேட்கக் கூடாது.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்குவது?

தேதியைப் பிடித்து வைக்க 30 முதல் 50 சதவீதம். திருப்பித் தரமாட்டேன், தேதி மாறினால் நான் காலியாக இருந்தால் மட்டும் வருவேன் என்று வாட்ஸ்அப்பில் தமிழில் தெளிவாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். மீதியை முகூர்த்தத்தன்று காலை மேக்கப் தொடங்கும் முன் வாங்கிவிட வேண்டும். பெண் மேடைக்குப் போன பிறகு கணக்குப் பார்க்கிற சித்தப்பாவைத் தேடிப் பந்தி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

இன்ஸ்டாகிராமில் சம்பாதிக்கிறார்களே?

பலருக்கு அது வருமானம் அல்ல, விளம்பரம். ரீலைப் பார்த்து புக்கிங் வந்தால் அதுதான் காசு. யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும். வந்தாலும் தமிழ் சேனல்களுக்குப் பார்வைக்குக் கிடைக்கும் தொகை குறைவு. பிராண்ட் காசோ இலவசப் பொருளோ கொடுத்தால் அதை வீடியோவில் வெளிப்படையாகச் சொல்வது கட்டாயம். ஒரு கம்பெனி வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் கொடுத்தால் அதற்கு 10 சதவீத டிடிஎஸ், அதாவது கொடுக்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி, உண்டு, இலவசம்தானே என்று விட்டுவிட முடியாது.

வகுப்பு எடுத்தால்?

இன்று பெயர் வாங்கிய பல ஆர்ட்டிஸ்ட்டுகளின் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான். ஒரு நாள் ஒர்க்‌ஷாப், தலைக்கு 2,500, இருபது பேர் என்றால் 50,000. ஹால் வாடகை, மாடல், சாப்பாடு போனாலும் ஒரு கல்யாணத்தைவிட அதிகம் நிற்கும், விடியற்காலை எழவும் வேண்டாம். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பத்துக் கல்யாணம்கூடச் செய்யாதவர்கள் மாஸ்டர் கிளாஸ் எடுக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவரின் கையைவிட அவருடைய கேமராமேன் நன்றாக இருக்கிறார்.

ப்ராஸ்தெடிக் (செயற்கைத் தோல் ஒட்டி உருவத்தை மாற்றுவது), மருத்துவ மேக்கப் போன்ற வழிகள்?

ஆள் குறைவு, ஆகவே விலை நல்ல விலை. வழுக்கைத் தொப்பி, வயோதிகம், காயம் இவற்றைச் சுத்தமாகச் செய்கிறவருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் நிலை இருக்கிறது. ஆனால் வருடத்தில் இரண்டு, மூன்று வேலைதான் வரும். வெண்புள்ளி, தீக்காயத் தழும்பு இவற்றை மறைக்கும் மேக்கப்புக்குத் தோல் மருத்துவர்களோடு தொடர்பு வேண்டும். முழுநேர வருமானமாக இங்கே இன்னும் ஆகவில்லை.

ஆண்கள் கல்யாண மேக்கப் செய்யலாமா? திருநங்கைகள்?

செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். சென்னையில் நல்ல பெயர் வாங்கிய திருநங்கை ஆர்ட்டிஸ்ட்டுகள் பலர் உண்டு. ஆண் ஆர்ட்டிஸ்ட் என்றால் சேலை கட்ட ஒரு பெண் அசிஸ்டன்ட்டை எல்லா வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள், அந்தச் செலவை ரேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரி, ஜிஎஸ்டி எல்லாம் கட்ட வேண்டுமா?

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் அழகுச் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் பொருள் வாங்கும்போது கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. வருமான வரியில், செலவு போக நிற்கிற வருமானம் 12 லட்சம் வரை புதிய முறையில் வரி வராது. வராவிட்டாலும் ரிட்டர்ன் போடுங்கள். சினிமா, சேனல் கம்பெனிகள் பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்கும். நாளைக்குக் கடை வைக்கக் கடன் கேட்டால் வங்கி முதலில் கேட்பது மூன்று வருட ரிட்டர்னைத்தான். ஜிபேயில் வந்த காசுக்கு நோட்டுப் புத்தகம் கணக்கு ஆகாது.

இப்போது இருக்கிற வேலையை விட்டுவிட்டு வரலாமா?

உடனே வேண்டாம். சனி, ஞாயிறு ஃபங்ஷன்களில் தொடங்குங்கள். வரவேற்பு மேக்கப் மாலையில்தான், ஆபீஸில் அரை நாள் லீவு போதும். புதன்கிழமை முகூர்த்தம் வந்து, லீவு கிடைக்காமல் விட்டுக்கொடுக்கும் நிலை அடிக்கடி வந்தால் அப்போது யோசிக்கலாம். ஆவணி, ஐப்பசி புக்கிங் நிரம்பியிருப்பதைப் பார்த்து ராஜினாமா எழுதாதீர்கள், அந்த மாதங்களில் எல்லோருக்கும்தான் நிரம்பும். வருகிற தைக்கும் வைகாசிக்கும் அட்வான்ஸ் எவ்வளவு வந்திருக்கிறது, தைக்கு முன்னால் வரும் மார்கழிக்கு எந்த நாட்டிய டீச்சர் பேசியிருக்கிறார், ஆறு மாத வாடகை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டுக்காவது பதில் இருந்தால் நோட்டீஸ் பீரியடை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் அந்த மாதம் கல்யாணம் கிடையாது.